குடத்துக்குள் போன விசில்

“என் குக்கர் விசிலத் திருப்பிக் குடுங்க, அதுக்குப் பொறவு நீங்க படம் எடுங்க, எடுக்காமப் போங்க, எனக்கென்ன” என்று செல்வராணி தன் வீட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னாள், சொன்னதையே மறுபடியும் சொன்னாள், இன்னொரு முறை சொல்ல வாயெடுத்தபோது ஜெசிந்தா முந்திக்கொண்டு, அதே இழுப்போடும், ‘எனக்கென்ன’வில் கழுத்தை வெட்டுகிற அதே வெட்டோடும், முழுசாக அவளுக்கே ஒப்பித்துக் காட்டிவிட்டு, “முடிஞ்சுதா? உன் விசில நான் என்ன முந்தானையிலயா முடிஞ்சு வச்சிருக்கேன்?” என்று கேட்டாள். தெரு சிரித்தது. செல்வராணி சிரிக்கவில்லை.

செல்வராணிதான் படத்தின் கதாநாயகி. கதாநாயகி கோபித்துக்கொண்டால் கேரவனுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள் என்று ஜெசிந்தா வாரப் பத்திரிகைகளில் படித்திருந்தாள். இந்தப் படத்துக்குக் கேரவன் கிடையாது என்பதால் செல்வராணி தன் சொந்த வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். படத்தில் இன்னும் ஒரே ஒரு ஷாட்தான் பாக்கி, கடைசி ஷாட், அதுவும் அவள் முகத்தில்.

தூத்துக்குடியில், உப்பளத்துப் பக்கம் போகிற ரோட்டிலிருந்து பிரிகிற சிப்பிக்கூடத் தெருவில், கப்பலில் வேலை பார்க்கும் லாரன்ஸின் மனைவி ஜெசிந்தா, கான்வென்டில் படித்தவள், கல்யாணமான நாளிலிருந்து பார்த்த ஒவ்வொரு படத்தையும் தியேட்டரிலிருந்து வீடு வந்து சேர்வதற்குள் பிரித்துப்போட்டு வேறு மாதிரி தைத்துக் காட்டியவள், பிள்ளைகள் வேலைக்கென்று ஊரைவிட்டுப் போனபின் தைத்துக் காட்ட ஆளில்லாமல், சரி, நாமே ஒன்றை வெட்டித் தைத்துவிடுவோம் என்று இறங்கிவிட்டாள். சினிமாவில் தண்ணீர் எடுக்கப் போகிற பெண்கள் எல்லோரும் பாடுகிறார்கள், ஆடுகிறார்கள், ஒருத்திக்குக்கூட இடுப்பு வலிக்கவில்லை என்பது அவளுடைய நெடுநாளைய எரிச்சல். அவள் படத்தில் ஒருத்தி வீட்டிலுள்ள எல்லோருக்கும் தண்ணீர் சுமப்பாள், சுமந்துகொண்டே இருப்பாள், கடைசியில் ஒருநாள் வாசல் கேட்டில் குடத்தோடு நின்று “எனக்குத் தாகமா இருக்கு” என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு எதிர்ப்பக்கமாக நடந்துபோவாள். அவ்வளவுதான் கதை. இதில் சண்டை இல்லையா என்று கேட்டவர்களிடம், இதுவே சண்டைதான், கண் இருந்தால் தெரியும் என்றாள்.

கையிலிருந்த வளையல் லென்ஸாக மாறியது, கழுத்திலிருந்தது ஹார்ட் டிஸ்க்காக மாறியது. கேமராமேன் ஆல்வின் கல்யாண வீடியோக்காரன். முகூர்த்த நாளில் வரமாட்டான், வந்த நாளிலும் பழக்க தோஷத்தில் குடத்தைச் சுமந்துவரும் செல்வராணியிடம் “நாடிய லேசாத் தூக்கி, இங்க பாத்து, சிரிச்ச முகமா” என்பான், ஜெசிந்தா தலையில் அடித்துக்கொள்வாள். யூனிட்டுக்குச் சாப்பாடு டைரக்டரே சமைத்தாள், ‘கட்’ சொன்ன கையோடு ஓடிப்போய் சாம்பாரை இறக்கினாள், சாம்பாரில் புளி கம்மி என்கிற குறையையும் டைரக்டர்தான் கேட்டுக்கொண்டாள். இத்தனையையும் சமாளித்தவளால் சத்தத்தைத்தான் சமாளிக்க முடியவில்லை. டப்பிங் தியேட்டருக்குப் போக வழியில்லை, பேசுகிற இடத்திலேயே பேசுகிறபோதே குரலைப் பிடித்தாக வேண்டும். சவுண்டு எடுக்கிற ஷமீமா, கல்லூரியில் அதற்கென்றே படித்த பெண், காதில் ஹெட்போனை மாட்டித் தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, “ஆன்ட்டி, மிக்ஸி, வெல்டிங், குப்பை வண்டிப் பாட்டு, தக்காளி ஆட்டோ, இதெல்லாம் இருக்கு, செல்வராணி அக்கா குரல் மட்டும் இல்ல” என்றாள்.

முதல் நாள் ஷூட்டிங்கில் ஜெசிந்தா தெரு நடுவே வந்து நின்றாள். பள்ளிக்கூடத்தில் காலைக் கூட்டத்தின்போது அத்தனை பெண்பிள்ளைகளையும் ஒரே சொல்லில் கல்லாக்கிய சிஸ்டர் ஒருவரின் குரல் அவள் தொண்டைக்குள் எங்கேயோ மடித்து வைத்தபடி கிடந்தது, அதை எடுத்து உதறி, சுட்டுவிரலை உதட்டில் வைத்து, “ஃபிங்கர் ஆன் யுவர் லிப்ஸ். சைலன்ஸ்” என்றாள்.

தெருவில் சத்தம் நின்றுபோயிற்று. மிக்ஸிகள் ஓடின, ஆனால் சத்தமில்லை. வெல்டிங் பட்டறையில் பொறி பறந்தது, சத்தமில்லை. நாய் வாயைத் திறந்து திறந்து மூடியது, தக்காளி ஆட்டோவின் குழாய் அதிர்ந்தது, பால்வாடியிலிருந்து வந்த பிள்ளை விழுந்து வாய்கொள்ள அழுதது, ஒன்றுக்கும் சத்தமில்லை, கேமராவுக்கு முன்னால் நின்ற செல்வராணியின் கொலுசும் மூச்சும் மட்டும் கேட்டன. ‘கட்’ என்றதும் எல்லாம் திரும்ப வந்தது. ஷமீமா ஹெட்போனைக் கழற்றி, “சுத்தமா இருக்கு ஆன்ட்டி” என்றாள். ஜெசிந்தா, “பின்னே? சொன்னா கேக்கணும்ல” என்றாள். அடுத்த ஷாட்டுக்கு நேரமாகியிருந்தது.

நின்ற சத்தமெல்லாம் எங்கே போயிற்று என்பது தண்ணீர் வருகிற நாளில் தெரிந்தது. சிப்பிக்கூடத் தெருவில் ஆட்கள் வரிசையில் நிற்பதில்லை, குடங்கள்தான் நிற்கும். தண்ணீர் எப்போது வருமென்று தெரியாததால் அவரவர் காலிக் குடங்களை முந்தின நாட்களிலேயே அடிபம்புக்குப் பக்கத்துக் குழாயடியில் இடம்பிடிக்க வைத்துவிட்டு வந்துவிடுவார்கள், அவையும் வாயைத் திறந்தபடி வெயிலில் காத்துக்கொண்டிருக்கும். அன்றைக்குத் தண்ணீர் வந்து முதல் குடம் நிரம்ப நிரம்ப, உள்ளேயிருந்து நாய் குரைத்தது. அடுத்ததிலிருந்து தக்காளி விலை வந்தது, பழைய விலை. பச்சைக் குடத்திலிருந்து குக்கர் விசில் வந்தது, ஒன்று, இரண்டு, மூன்று, அது யார் வீட்டுப் பருப்பு என்பது தெரியாமல் பாதித்தெரு வீட்டுக்கு ஓடிப்போய் அடுப்பை அணைத்தது.

வியப்பதற்கு யாருக்கும் நேரமில்லை, குறை சொல்வதற்குத்தான் இருந்தது. சத்தம் கிடந்த தண்ணீரைக் குடிக்கலாமா, கொதிக்க வைத்தால் போகுமா என்று கேட்டார்கள். குடித்த பிள்ளையொன்று விக்கும்போதெல்லாம் குப்பை வண்டிப் பாட்டின் முதல் அடி வந்தது, ஓமத்தண்ணீர் கொடுத்ததும் இரண்டாம் அடி வந்தது. கவுன்சிலர் வீட்டுக்கு ஆள் போனபோது, தண்ணீர் வரவில்லையென்றால் சொல்லுங்கள், தண்ணீரோடு எது வந்தாலும் எங்கள் பொறுப்பில்லை என்று பதில் வந்தது. பிறகு பழகிக்கொண்டார்கள். குழாயில் வைக்குமுன் குடத்தைக் கவிழ்த்துத் தட்டிவிட்டு வைக்க வேண்டும் என்பது பாத்திரம் கழுவுகிற மாதிரி ஒரு வேலையாகச் சேர்ந்துகொண்டது. ராவும் பகலும் வீரிடுகிற பிள்ளையோடு அல்லாடிய கைப்பிள்ளைக்காரி ஷூட்டிங் எப்போது என்று கேட்டு வந்து பிள்ளையைக் குழாயடியில் உட்காரவைத்து அழவிட்டுக் கூட்டிப்போனாள். பக்கத்துத் தெருக்காரிகள் தங்கள் மாமியார்களையும் அழைத்துவரலாமா என்று விசாரித்தார்கள். நிறைந்த குடங்களை உப்பளத்துப் பாத்தியில் கொண்டுபோய்க் கவிழ்த்தார்கள், கவிழ்த்த இடத்தில் நாரைகள் திடுக்கிட்டு எழும்பின. அந்தப் பாத்தி உப்பை எண்ணெயில் போட்டால் மற்ற உப்பைவிடக் கூடுதலாகப் பேசுகிறது என்று சொல்லி அதையே கேட்டு வாங்கவும் ஆட்கள் வந்தார்கள்.

இப்படியே போயிருந்தால் படம் முடிந்திருக்கும். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஞானதுரை, ஷாட் ஓடுகிறது, யாருக்கும் கேட்காது என்கிற தைரியத்தில், தங்கைக்குப் பூர்வீக வீட்டில் பங்கு கொடுக்காமல் தப்பிக்கும் வழியைப் பற்றி வக்கீலிடம் போனில் விளக்கமாகப் பேசிவிட்டார். அந்தப் பேச்சு ஒரு சிவப்புக் குடத்துக்குள் போயிற்று. அது தங்கையின் குடம். குழாயடியில் அவள் அதைக் கவிழ்த்துத் தட்டியபோது அண்ணன் குரல் கணீரென்று வகுப்பெடுத்தது, தெரு முழுக்கக் கைகட்டிக் கேட்டது. மறுநாள் ஞானதுரை தெருச் சங்கத்தைக் கூட்டி, இனி இந்தத் தெருவில் யாரும் யாரையும் சைலன்ஸ் சொல்லக் கூடாது என்று தீர்மானம் போட்டுவிட்டார். அதற்கு மறுநாள்தான் செல்வராணி விசிலைக் கேட்டுக் கதவைச் சாத்தியது.

ஜெசிந்தா கதவைத் தட்டவில்லை. பின்பக்கமாகச் சுற்றிப் போய் அடுக்களை வாசல் வழியாக உள்ளே நுழைந்து, அங்கே கிடந்த முருங்கைக்கீரையை எடுத்து ஆய்ந்தாள். “விசிலுக்கா இவ்வளவு ஆட்டம்? கடையில வேற வெயிட்டு வாங்கித் தாரேன். உண்மையச் சொல்லு” என்றாள்.

செல்வராணி வெகுநேரம் அடுப்பைத் துடைத்தாள், துடைத்த இடத்தையே துடைத்தாள், பிறகு சொன்னாள். அவள் வீட்டுக்காரர் முத்துமாலை உப்புக் கம்பெனி எடைமேடையில் வேலை பார்ப்பவர். லாரி லாரியாக உப்பு நிறுத்து நிறுத்து, வீட்டிலும் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துத்தான் போடுவார். பெண்டாட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, ‘ஏ’ என்பார், ‘இந்தா’ என்பார், சோறு வேண்டுமென்றால் தட்டை நகர்த்துவார், குழம்பு வேண்டுமென்றால் இன்னும் கொஞ்சம் நகர்த்துவார். அவர், போன ஷூட்டிங் அன்று, கடைசி ஷாட்டுக்காக அவள் கேட்டில் நின்றபோது, உள்ளேயிருந்து எழுந்துவந்து, மதில் ஓரமாகச் சுற்றி கேமராவுக்குப் பின்னால் நின்று, அவளைப் பார்த்து ஏதோ சொன்னார். ஒரு சொல் இல்லை, இரண்டு சொல் இல்லை, உதடு நீளமாக அசைந்தது. ஜெசிந்தா ‘சைலன்ஸ்’ சொல்லியிருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

“என்ன சொன்னீயன்னு ராத்திரி கேட்டேன். சொன்னதையே சொல்றதுக்கு நான் என்ன ரேடியோவான்னு கேட்டுட்டுப் படுத்துட்டாவ. அதத்தான் தேடுதேன் அக்கா. தெருவுல ஒரு குடம் பாக்கியில்ல, ஒவ்வொரு வீட்டுக் குடத்துலயும் காத வச்சுப் பாத்துட்டேன். எவளோ உப்பளத்துல கொண்டுபோய்க் கொட்டிட்டா.”

ஜெசிந்தாவுக்கு அந்த ஷாட் நன்றாக நினைவிருந்தது. அதற்கு முந்தின எல்லா முயற்சியிலும் செல்வராணி ‘எனக்குத் தாகமா இருக்கு’ என்பதைப் பாடப்புத்தகம் படிக்கிற மாதிரிப் படித்தாள். அன்றைக்கு மட்டும் அவள் முகம் முன்னால் நீண்டு, கண் எதையோ எட்டிப் பிடிக்கப் போய், தாகம் என்றால் இதுதான் என்று ஜெசிந்தா மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருக்க, பாவிமகள் வசனத்தை மறந்துவிட்டாள். எதற்காக அப்படிப் பார்த்தாள் என்பது இப்போதுதான் விளங்கிற்று.

கீரை ஆய்கிற கை நின்றது. அந்த ஷாட் எடுத்த அன்று காலையில்தான் தண்ணீர் வந்திருந்தது. தெருவில் அத்தனை குடமும் நிறைந்து வீட்டுக்குள் போய்விட்டது, குழாயடியில் ஒன்றுகூட வாய் திறந்து நிற்கவில்லை. காலியாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். காலிக் குடத்தை இடுப்பில் வைத்து ஆட்டிக்கொண்டு நடப்பதெல்லாம் சினிமாக்காரிகள் வேலை, நிறைகுடமாகத்தான் சுமக்க வேண்டும் என்பது ஜெசிந்தாவின் கட்டளை; அன்றைக்கு இடுப்பு வலிக்கிறது என்று செல்வராணி படத்துப் பித்தளைக் குடத்துத் தண்ணீரை யாருக்கும் தெரியாமல் செம்பருத்திக்கு ஊற்றிவிட்டாள், ‘கட்’டுக்குப் பிறகு அதற்கொரு வசவும் வாங்கினாள். அந்தக் குடம் அன்றிலிருந்து ஜெசிந்தா வீட்டு ஸ்டோர் ரூமில், நிமிர்த்தினது நிமிர்த்தினபடி, ஒரு துண்டு மூடி இருந்தது. ஒரு குடம் ஒரு சத்தத்தைத்தான் பிடிக்கும், அதுவும் கிட்டத்தில் இருப்பதை; முத்துமாலை சொன்னது இவள் இடுப்பிலேயேதான் இருந்திருக்கிறது.

வாய் வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் செல்வராணி ஈரக் கையோடு ஓடிப்போய் அந்தக் குடத்தைக் கவிழ்த்திருப்பாள், சந்தோஷமோ துக்கமோ ஏதோ ஒன்று ஸ்டோர் ரூமில் வைத்தே முடிந்திருக்கும், கடைசி ஷாட்டுக்கு மறுபடியும் பாடப்புத்தகம்தான் கிடைத்திருக்கும். குடத்துச் சத்தம் ஒரு தடவைதான் வரும், கவிழ்த்தால் போயிற்று. ஜெசிந்தா கீரைக் காம்பை ஒடித்துப் போட்டாள். அவள் நல்லவளா கெட்டவளா என்று பிற்பாடு யார் வேண்டுமானாலும் யோசித்துக்கொள்ளட்டும், அவளுக்குப் படம் முடிய வேண்டும்.

“இன்னும் ஒரே ஒரு ஷாட்டு நில்லு. ஷாட்டு முடியறதுக்குள்ள உன்னுது உன் கைக்கு வந்துரும். மாதா மேல சத்தியம்” என்றாள். அது பொய்யில்லை. செல்வராணி அவள் முகத்தையே பார்த்தாள், நம்பினாளோ இல்லையோ, சரி என்றாள், இவ்வளவு நாள் சுமந்த குடத்தை இறக்கி வைக்காமல் அவளுக்கும் தூக்கம் வரவில்லை.

தெரு மசிய வேண்டும். ஜெசிந்தா வீடு வீடாக ஏறினாள். எல்லாக் குடத்தையும் வீட்டுக்குள் கவிழ்த்து வையுங்கள், இந்த ஒருமுறை நானாக எந்தச் சத்தத்தையும் பிடுங்க மாட்டேன், நீங்களே வாயை மூடிக்கொள்ளுங்கள், மிக்ஸியை நிறுத்துங்கள், குக்கரை இறக்குங்கள், சத்தமே போடாவிட்டால் குடத்துக்குள் போக என்ன இருக்கிறது, உங்கள் ரகசியம் உங்கள் வயிற்றிலேயே இருக்கட்டும் என்றாள். முன்கதவு சாத்தியிருந்தால் பின்கதவு, பின்கதவும் சாத்தியிருந்தால் ஜன்னல். வெல்டிங் பட்டறைக்காரரிடம் கெஞ்சினாள், தக்காளி ஆட்டோக்காரரிடம் அதட்டினாள், கைப்பிள்ளைக்காரியின் பிள்ளைக்கு வசம்பு உரைத்துக் கொடுத்தாள். ஞானதுரை மட்டும் தீர்மானம் தீர்மானம்தான் என்று நாற்காலியை விட்டு எழாமல் இருந்தார். தங்கை சம்மதித்துவிட்டாள் சார், அவளுக்கு நன்றி கார்டில் பெயர் போடுகிறேன் என்றாள் ஜெசிந்தா. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, என் பெயர் அவள் பெயருக்கு மேலே வர வேண்டும், எம்.ஏ., எம்.எட். சேர்த்து வர வேண்டும் என்றார்.

முத்துமாலையிடம் கடைசியாகப் போனாள். எடைமேடைக்கே போய், லாரி இறங்கும்வரை நின்று, அன்னைக்கு நின்ன அதே எடத்துல நீங்க நிக்கணும் அண்ணாச்சி, வேற ஒண்ணும் வேண்டாம் என்றாள். அவர் அதை நிறுத்துப் பார்த்தார். தலையை அசைத்தார்.

சாயங்கால வெயில் கேட்டின் கம்பிகளில் இறங்கி மஞ்சளாக நின்றபோது தெரு தயாராக இருந்தது. ஜெசிந்தா பித்தளைக் குடத்தை ஸ்டோர் ரூமிலிருந்து சாமி சப்பரத்தைத் தூக்கி வருகிற மாதிரிச் சாயாமல் சரியாமல் தூக்கி வந்து, துண்டை எடுத்து, செல்வராணியின் இடுப்பில் அவளே வைத்தாள். “இன்னைக்குக் காலிக் குடந்தான். கேட்டுக்கு வா, நில்லு, குடத்தத் தூக்கி அண்ணாந்து குடிக்கப் போ, தண்ணி இருக்காது, வசனத்தச் சொல்லு, நடந்து போயிரு. அதுக்கு முன்னால குடத்தச் சாய்ச்சியோ, கொன்னுருவேன்” என்றாள். இடுப்பு வலிக்கிறதா என்று ஆல்வின் கேட்டான், அவன் அந்தப் படத்தில் கேட்ட ஒரே நல்ல கேள்வி அதுதான்.

இரண்டாவது ஹெட்போனை வாங்கி ஜெசிந்தா மாட்டிக்கொண்டாள். தெரு நடுவே வந்து நின்று, எதுவும் சொல்லாமல், சுட்டுவிரலைத் தன் உதட்டில் வைத்தாள். ஒவ்வொரு வாசலிலும் விரல்கள் உதட்டுக்குப் போயின. ஞானதுரை வைத்தார், அவருடைய தங்கை வைத்தாள், வெல்டிங்காரர் கறுத்த விரலை வைத்தார், கைப்பிள்ளையின் விரலை அதன் தாய் பிடித்து வைத்தாள், கேமராவுக்குப் பின்னால் அதே இடத்தில் வந்து நின்ற முத்துமாலையும், சட்டைப் பித்தானைச் சரிபார்த்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பையன் மாதிரி விரலை உதட்டில் வைத்தார். சிப்பிக்கூடத் தெரு அதுவரை தானாக ஒரு நாளும் வாயை மூடியதில்லை.

செல்வராணி வந்தாள். கொலுசு கேட்டது. கேட்டில் நின்றாள், குடத்தைத் தூக்கினாள், அண்ணாந்தாள், சாய்த்தாள்.

ஜெசிந்தாவின் காதில், பித்தளையில் பட்டு, எடைமேடைக்காரரின் குரல் இறங்கிற்று. “ராணி, சோறு நானே போட்டுச் சாப்ட்டுட்டேன். நீ மெதுவா வா.”

அவ்வளவுதான். குடம் அண்ணாந்தபடியே கொஞ்ச நேரம் நின்றது, பிறகு கீழே வந்தது, அதற்குப் பின்னாலிருந்து ஒரு முகம் வந்தது. அது அன்றைக்குப் பார்த்த முகம் இல்லை, அதைவிடத் தாகமெடுத்த முகம். ஜெசிந்தா அவ்வளவு நாளாக யாரிடமும் விளக்கிச் சொல்ல முடியாத அந்தப் படம் முழுவதும் அதில் இருந்தது. ஆல்வின் சிரிச்ச முகமா என்று சொல்லவில்லை. ஷமீமா மீட்டரைப் பார்க்காமல் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். செல்வராணி வசனத்தைச் சொல்லவில்லை, எதிர்ப்பக்கமாக நடக்கவுமில்லை. கேமராவைத் தாண்டி, அதற்குப் பின்னால் நின்ற ஆளைப் பார்த்தாள்.

“இன்னொரு தடவ சொல்லுங்க.”

முத்துமாலையின் விரல் உதட்டில் இருந்தது. அது விலகவில்லை; டைரக்டர் இன்னும் விடவில்லையே என்பது போல அவர் ஜெசிந்தாவைத் திரும்பிப் பார்த்தார், தெருவே திரும்பி ஜெசிந்தாவைப் பார்த்தது. ஜெசிந்தாவின் நாக்கு நுனியில் ‘கட்’ இருந்தது. கேமரா ஓடிக்கொண்டிருந்தது, வெயில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது, அவள் பல்லைக் கடித்து அந்தச் சொல்லை உள்ளேயே பிடித்துக்கொண்டாள்.

செல்வராணி காலிக் குடத்தை இடுப்பில் ஏற்றி, அதன் வாயை அவர் பக்கமாகச் சாய்த்துப் பிடித்தாள்.

“இன்னொரு தடவ சொல்லுங்களேன்.”